சீனிக்கு மாற்றாகச் சீனித்துளசி

கொழும்பு முகத்துவாரத்தில், களனி கங்கை கடலொடு கலக்கும் இடத்தையடுத்து வாழும் குடும்பங்களிற் பலவற்றுக்கு ஒரு சாண் தோட்டமே உண்டு. அச்சிறு நிலத்திலும், மரக்கறி பயிரிடும் கமக்காரரின் மேட்டு நிலத்திலும் வளர்க்கத்தக்க பயிர் சீனித்துளசியாகும்.

எது சத்தி குறைந்த இனிப்பு?

பனங்கட்டி, கித்துள் பாணி, தேன் என்பன இயற்கையானவை. ஆதலின் நீரிழிவுக்காரருக்கு ஏற்றவை எனப் பலர் கருதுகின்றனர். இது தவறு. இவற்றின் பெரும்பகுதியும் சர்க்கரையே. பனங்கட்டியின் சத்தி ஏறக்குறைய சீனிக்குச் சமமானது.

ஒரு கிராம் சீனி 4 கலோரி தரும். நாளொன்றுக்கு மூன்று முறை, இரண்டு தேக்கரண்டி சீனியிட்டுத் தேநீர் அருந்துபவர் ஏறத்தாழ 25 கிராம் சீனியை அதிலேயே உட்கொள்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் விரும்பத்தக்கதெனக் கூறிய நாளளவு ஏறக்குறைய இவ்வளவே. மென்பானப் போத்தல்களிற் சீனியளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் விதி இலங்கையில் 2016 இல் நடைமுறைக்கு வந்தது. தேநீர்க் கோப்பைக்கு அவ்வித அடையாளம் இல்லை. நாமே அளவறிந்து கொள்ளல் வேண்டும்.

பயிரின் இயல்பு

சீனித்துளசியின் தாயகம் தென்னமெரிக்காவின் பரகுவே நாடு. தாவரவியலறிஞர் பெர்ட்டோனி 1899 இல் இதனை விவரித்தார். இலையிலிருந்து பிரித்துச் சுத்திகரிக்கப்படும் இனிப்புப் பொருள் சீனியிலும் 200 முதல் 300 மடங்கு இனிமையானது. மிகச் சிறிதளவே போதுமாகையால், அதனாற் கிடைக்கும் சத்தி புறக்கணிக்கத்தக்கது.

செய்கை முறை

இதன் விதை நன்கு முளைப்பதில்லை. எனவே நோயற்ற தாய்ச்செடியிலிருந்து 10 முதல் 15 சதமமீற்றர் நீளத் தண்டுத்துண்டுகளை வெட்டி, இளநிழலில் வேரூன்றச் செய்க. நீர் தேங்கின் செடி அழுகும். ஆதலின் நெல்வயலின் தாழ்நிலம் இதற்கு ஆகாது. உயர்ந்த பாத்தியும் நல்ல வடிகாலும் வேண்டும். இடமில்லாதோர் மண்ணுடன் கூட்டெருவும் மணலும் கலந்து, அடியிற் துளையுள்ள சாடிகளில் நடலாம்.

பகல் குறுகிய காலத்தில் இச்செடி விரைவிற் பூக்கும். பூத்தபின் இலையின் இனிப்புக் குறையும். எனவே மொட்டுத் தோன்றியவுடன் அறுவடை செய்து, இலைகளை விரைவில் உலர்த்தி, ஈரம் புகாத போத்தலில் அடைத்து வைக்க.

கவனிக்க வேண்டியவை

உணவுச் சேர்க்கைகள் பற்றிய சர்வதேச நிபுணர் குழு 2008 இல் பாதுகாப்பானதென ஏற்றது சுத்திகரித்த பொருளையே, பச்சையிலையை அன்று. ஆதலின் இலையை அளவோடு பயன்படுத்துக. நீரிழிவுக்கு மருந்துண்போரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்டல் நன்று. உடல் நிறையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சீனியல்லாத இனிப்பூட்டிகளை நாடவேண்டாமென உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவுறுத்தியது. முன்னரே நீரிழிவுள்ளோரை அவ்வறிவுரை குறிப்பதன்று.

விற்பனைக்காகப் பயிரிட எண்ணுவோர், கொள்வோரை முன்னரே ஒழுங்கு செய்தபின்னரே நிலத்தை ஒதுக்குக. வீட்டுத் தேவைக்குச் சில செடிகளே போதும். நாவை இனிப்புக் குறைந்த உணவுக்குச் சிறிது சிறிதாகப் பழக்குதலே யாவற்றினும் செலவு குறைந்த வழியாகும்.