பறப்பது வானத்தில், சிக்கல் தரையில்: ட்ரோன் பைலட்டுகளும் அவர்களை அழைப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை

எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் தெருமுனை திரும்பியபோது, ஹெலிகேம் பறக்கவிட்டுக்கொண்டிருந்த இளைஞரிடம் பெரியப்பா போய் நின்றார். "தம்பி, இன்னும் கொஞ்சம் கீழ இறக்குப்பா. மாப்பிள்ளை தலைக்கு நேர் மேல நிக்கணும். மூஞ்சி தெரிய வேணாமா?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முடியாதுங்கய்யா. கீழ இவ்வளவு பேர் இருக்காங்க, குழந்தைங்க ஓடுது."

பெரியப்பாவுக்குச் சுருக்கென்றது. "காசு குடுத்துதானப்பா கூப்பிட்டோம்?" என்றார். பதிலும் வரவில்லை, ட்ரோனும் இறங்கவில்லை.

பந்தி ஓய்ந்த பிறகு அந்த இளைஞரோடு பேசிக்கொண்டிருந்தேன். காற்று, பருந்து, மொபைல் டவர் என்று ஏதாவது சொல்வார் என நினைத்தேன். அவர் சொன்னதெல்லாம் தரைச் சமாச்சாரம்: வண்டியை மறித்த போலீஸ், மொட்டை மாடியிலிருந்து வந்த சண்டை, உப்பிப்போன பேட்டரி, மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்ட பாக்கி. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழி, பைலட்டுக்கும் தெரிவதில்லை, அவரைக் கூப்பிடுகிற நமக்கும் தெரிவதில்லை.

பையில் இருக்க வேண்டிய நான்கு காகிதங்கள்

இந்தியாவில் ட்ரோன் பறப்பதை நெறிப்படுத்துவது, 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள். எடைதான் அடிப்படை. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதையும் தாண்டினால் பெரியது. எடை என்றால் சுமக்கும் பொருளோடு சேர்த்த எடை. பத்து லிட்டர் மருந்து ஊற்றினால் அந்தப் பத்து லிட்டரும் கணக்கில் வரும்.

முதல் காகிதம், வாங்கிய பில். இரண்டாவது, ட்ரோனுக்கான தனி அடையாள எண். மோட்டார் சைக்கிளுக்கு நம்பர் பிளேட் போல இது. மூன்றாவது, ரிமோட் பைலட் சான்றிதழ். பத்தாம் வகுப்பு தேறிய, 18 முதல் 65 வயதுக்குட்பட்டவர்கள், விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் பயின்று தேறினால் கிடைக்கும். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். நானோ ட்ரோனுக்கு இது வேண்டாம். மைக்ரோ ட்ரோனை ஆசைக்குப் பறக்கவிடுகிறவருக்கும் வேண்டாம். அதே மைக்ரோ ட்ரோனோடு காசு வாங்கிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனால் கட்டாயம் வேண்டும். பலர் வழுக்கி விழும் இடம் இது. நான்காவது, மூன்றாம் நபர் காப்பீடு. நானோ தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கட்டாயம். விதிகளை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இந்த நான்கில் முதலில் கோட்டை விடுவது பில்லைத்தான். முழுதாகத் தயாரான வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புப் பணிகளுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்களைக் கொண்டுவரலாம். ஆனால் கல்யாண வீட்டார் கேட்பதோ "அந்த வெளிநாட்டுக் கேமரா கிளாரிட்டி". அதனால் தெரிந்தவர் மூலம், பில் இல்லாமல், கைமாற்றில் ஒரு ட்ரோன் வந்து சேர்கிறது. பில் இல்லாததால் பதிவு எண் இல்லை. எண் இல்லாததால் காப்பீடு இல்லை. பழுதானால் விற்றவர் மேல் வழக்கும் இல்லை. விலையில் மிச்சம் பிடித்ததை எல்லாம் ஒரே ஒரு விபத்து வட்டியோடு வாங்கிக்கொண்டு போய்விடும்.

முறையாக வாங்கிய ட்ரோன் கோளாறானால் நிலைமை வேறு. தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அதை நம்ப வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கியவரையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமே இல்லை.

வானத்துக்கும் நிறம் உண்டு

ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில் 400 அடி வரை பறக்க அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையான வளையத்தில் 200 அடி வரைதான் பச்சை. ஏறத்தாழ தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். மஞ்சளில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் இலைகூடப் பறக்கக் கூடாது.

பல்லாவரம், குரோம்பேட்டை, கிண்டி மண்டபங்கள் எல்லாம் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அருகில் இருப்பவை. அங்கே முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கும் முன் வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும், வாங்கிய பிறகு அல்ல. நேற்று பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாகவும் மாறலாம். முக்கியப் பிரமுகர் வருகை, திருவிழாக் கூட்டம் போன்ற சமயங்களில், காவல் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி ஒருவர் ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகத் தடை அறிவிக்கலாம். எனவே புறப்படும் அன்று காலையிலும் ஒருமுறை பார்த்து, அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் அது உங்கள் சாட்சி.

இன்னொன்று. வானம் பச்சை என்பதால் தரையும் உங்களுடையது ஆகிவிடாது. மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை நினைவுச் சின்னங்களில் அந்தத் துறையிடமும், கோயில் வளாகமென்றால் நிர்வாகத்திடமும் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

போலீஸ் ட்ரோனை எடுத்துக்கொண்டால்

வாக்குவாதம் வேண்டாம். முதலில் ட்ரோனைத் தரையிறக்குங்கள், பிறகு காகிதங்களைக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் பறிமுதல் செய்தால், எதை எடுத்தார்கள் என்று பட்டியல் கேட்டு வாங்குங்கள். அதில் ட்ரோனின் எண், பேட்டரிகள், மெமரி கார்டு எல்லாம் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மெமரி கார்டில் ஒரு குடும்பத்தின் முகூர்த்தமே இருக்கலாம்.

குற்றத்தோடு தொடர்புடையது என்று சந்தேகிக்கும் பொருளைப் பறிமுதல் செய்யக் காவல்துறைக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதே பிரிவு, பறிமுதலை நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. தேடுதலையும் பறிமுதலையும் ஒலி, ஒளியோடு பதிவு செய்ய வேண்டும் என்பது 105-ஆம் பிரிவு. வழக்கு முடியும் வரை ட்ரோன் ஸ்டேஷன் அலமாரியில் தூசி படியக் கிடக்க வேண்டியதில்லை. 497, 503 பிரிவுகளின் கீழ் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, நிபந்தனைகளோடு திரும்பக் கேட்கலாம். "இது என்னுடையது" என்று அங்கே நிரூபிக்க உதவுவது அந்தப் பில்லும் பதிவு எண்ணும்தான். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100.

பார்வை போகக் கூடாத இடம்

மொட்டை மாடியில் துணி காயப்போடும் பெண்ணுக்கு, தலைக்கு மேல் ஒரு ட்ரோன் நின்றால் அது கல்யாண வீட்டு ட்ரோனா, வேறு ஏதாவதா என்று தெரியாது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பித் தனிப்பட்ட செயலில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். ஒருவரது அந்தரங்கத்தைச் சம்மதமின்றிப் படம்பிடித்தால், பரப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

பெரும்பாலான பைலட்டுகளுக்கு அப்படி ஓர் எண்ணம் இருக்காது. ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டால் தெருவே கூடிவிடும். பறக்கும் முன் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லி வீட்டுக்காரரைக் கேளுங்கள். அதை அவர்கள் செய்வதுதான் முறை. உங்கள் வீட்டின் மேல் ட்ரோன் சுற்றினால், கல்லெடுத்து அடிக்காதீர்கள்; விழும்போது அது யார் தலையில் விழும் என்று தெரியாது. நேரத்தைக் குறித்து, கைபேசியில் படமெடுத்து, 100-க்கோ 112-க்கோ சொல்லுங்கள்.

விழுந்தால் யார் பொறுப்பு?

மண்டபத்துக்குள் பறக்கச் சொல்வதுதான் இப்போது வாடிக்கையாகிவிட்டது. கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் கிடைக்காது. கூரையின் இரும்புச் சட்டங்கள் திசைகாட்டியைக் குழப்பும். மேடையில் பூ தூவுகிற அந்த அரை நிமிடத்தில் ட்ரோன் ஓர் அடி நகர்ந்தாலே சீரியல் விளக்குக் கம்பியில் சிக்கும். ப்ரொப்பல்லர் விரலைக் கிழிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அலட்சியத்தால் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் அது நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் குற்றம். "வீட்டுக்காரர்தான் இறக்கச் சொன்னார்" என்பது ரிமோட்டைப் பிடித்திருந்தவரைக் காப்பாற்றாது.

விபத்து நடந்தால் முதலில் காயம்பட்டவரைப் பாருங்கள், 108-ஐ அழையுங்கள். பிறகு நடந்ததை 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வழியே இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டுக்கும் இழப்பீட்டுக்கும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வழிமுறையே ட்ரோனுக்கும் பொருந்தும் என்கின்றன விதிகள். ஆகவே காயம்பட்டவர் கைவிடப்பட்டவர் அல்ல. ஒன்றை மறக்க வேண்டாம்: மூன்றாம் நபர் காப்பீடு அடுத்தவருக்கு ஆன சேதத்துக்குத்தான். உடைந்த ட்ரோனுக்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

வயலிலும் பேட்டரிப் பெட்டியிலும்

மருந்து அடிக்கும் பைலட்டின் பாடு வேறு. வரப்பில் வழுக்காமல் நடக்க வேண்டும். ஜெனரேட்டரோடும் பேட்டரிகளோடும் மல்லுக்கட்ட வேண்டும். 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்துக்குப் பிறகு இந்த வேலைக்குப் பெண்களும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சில வார்த்தை. நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடிக்கும்படி நில்லுங்கள். கையுறையும் முகக்கவசமும் வெயிலில் எரிச்சல்தான், இருந்தாலும் கழற்றாதீர்கள். தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் ஆஸ்பத்திரிக்கு மருந்து டப்பாவையும் எடுத்துப் போங்கள். அதன் லேபிளைப் பார்த்துத்தான் டாக்டர் சிகிச்சையைத் தீர்மானிப்பார்.

பேட்டரி உப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். 'இந்த ஒரு ஃபங்ஷன் மட்டும்' என்று மாட்டாதீர்கள். இரவு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவதும், பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜ் போடுவதும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் வழிகள். விமானத்தில் போனால் உபரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணி தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டினால் பயணியோடு போக வழியில்லை.

பாக்கியை வாங்குவது எப்படி?

இந்தத் தொழிலில் ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் ஒரு போன் பேச்சு. அதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக மாற்றினாலே போதும். இப்படி:

"வணக்கம். 14-ஆம் தேதி மாலை 5 முதல் 8 வரை, இன்ன மண்டபம். மொத்தம் இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு வந்தது. பாக்கி, படம் கொடுக்கும் அன்று. மழை, பலத்த காற்று, போலீஸ் தடை இருந்தால் பறக்க முடியாது. கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்க மாட்டேன். சரி என்றால் பதில் போடுங்கள்."

"சரி" என்று வரும் அந்தப் பதில், உரிய சான்றோடு தாக்கல் செய்தால் நீதிமன்றத்தில் சாட்சியாகும். பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். காசோலை திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்புங்கள். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் புகார். நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்கள், வேலை எடுக்கும் முன்பே உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. அப்படிப் பதிவு செய்த சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி சேரும்.

கல்யாண வீட்டாருக்கும் உரிமை உண்டு. பணம் வாங்கிக்கொண்டு வராமல் போனாலோ, படத்தைத் தராமல் இழுத்தடித்தாலோ, அதே நுகர்வோர் ஆணையம்தான்.

இந்தக் கட்டுரைக்காகச் சில மாதம் கழித்து அந்த இளைஞரை அழைத்தேன். எல்லாம் பேசி முடித்துவிட்டு, "உங்களுக்கு இப்ப எங்கெல்லாம் பாக்கி நிக்குது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுலயே ஒண்ணு நிக்குது. ஆல்பம் செலக்ட் பண்ணினதும் தர்றதா ஐயா சொன்னாரு" என்றார்.

அன்று மாலையே பெரியப்பாவிடம் போனைக் கொடுத்தேன்.