உம்மம்மாவின் குளிசையும் நாடிகளின் வாசல்களும்

"எனக்கு ஒரு நோவும் இல்லையே புள்ள, பிறகேன் இந்தக் குளிசை?" என்று உம்மம்மா கேட்டார். இரண்டு வாரமாகப் பிறஷர் குளிசையை விழுங்காமல் பெட்டிக்குள் சேர்த்து வைத்திருந்ததை அன்றுதான் கண்டேன். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் நான் அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

நாடிகளின் சுவரில் மழமழப்பான தசைக் கலங்கள் வளையமாகச் சுற்றியுள்ளன. அவை சுருங்கினால் குழாய் ஒடுங்கும், தளர்ந்தால் விரியும். சிறு மாற்றமும் பெரிய விளைவைத் தரும். குழாயின் ஆரை 10 சதவீதம் கூடினால், அதே அமுக்கத்தில் பாயும் குருதி ஏறத்தாழ 46 சதவீதம் கூடும்.

கலத்தினுள் நுழையும் கல்சியம் அயன்கள் தசையைச் சுருக்குகின்றன. அதைத் தளர்த்துவதில் பொற்றாசியம் கால்வாய்களுக்குப் பெரும் பங்குண்டு. இவை கலமென்சவ்விலுள்ள நுண்ணிய புரத வாசல்கள். பொற்றாசியம் கலத்தினுள்ளேதான் அதிகம். வாசல் திறந்ததும் நேரேற்றமுள்ள அந்த அயன்கள் வெளியேற, கலத்தின் உட்புறம் மேலும் மறையேற்றம் பெறுகிறது. அதை உணர்ந்து கல்சியம் கால்வாய்கள் மூடிக்கொள்கின்றன. கல்சியம் குறைய, தசை தளர்ந்து நாடி விரிகிறது. தோட்டத்துக்கு இறைக்கும்போது ஒரு வாய்க்காலைத் திறந்து மற்றதை நாம் அடைக்கிறோம். இங்கே ஒன்று திறக்க மற்றது தானாகவே அடைபடுகிறது.

பற்றீரியா ஒன்றின் பொற்றாசியம் கால்வாய் எப்படி அமைந்துள்ளது என்பதை 1998இல் காட்டிய ரொட்ரிக் மக்கின்னன், 2003இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உம்மம்மா எடுக்கும் அம்லோடிபின் அந்தக் கல்சியம் வாசலை நேரடியாக அடைக்கிறது. குளிசையை நிறுத்தினால் வாசல் மறுபடி திறக்கும், அமுக்கம் ஏறும். அது ஏறுவது பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் இதயமும் மூளையும் சிறுநீரகமும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளம் போய், பல வருடங்களின் பின் ஊர் திரும்பியவர் உம்மம்மா. புத்தளத்து உப்பையும் ஆனையிறவு உப்பையும் கண்டவர். கருவாட்டை இன்னும் கைவிடாதவர். வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீரை, வாழைப்பழம், இளநீர், பேரீச்சம்பழம் ஆகியவற்றிலுள்ள பொற்றாசியம், மிகையான சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்ற உதவும். ஆனால் சிறுநீரக நோயாளர்கள் வைத்தியரைக் கேட்டே இவற்றை உண்ண வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உம்மம்மா சொன்னார்: "அப்ப அந்த வாசலை அடைக்கிற குளிசையையும் தண்ணியையும் கொண்டா."

அடுத்த நாளே கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றோம். உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம். இன்று திறந்து பாருங்கள்.