கிளைப் பாதைகள் – 9: இறக்கத்தில் பாரம், ஏற்றத்தில் காலி

ஹொரொனாய் சுரங்கத்திலிருந்து ஒதாரு துறைமுகத்துக்குக் கரி இறங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் ஓடிய முதல் ரயில் அது. இந்த வாரம் அங்கிருந்து தென்கிழக்கே, மலை இடுக்கில் கிடக்கும் யூபாரிக்குப் போகிறோம்.

யூபாரிப் பாதை மனிதருக்காகப் போடப்பட்டதல்ல. கரிக்காகப் போட்டார்கள், மனிதர்கள் அதில் ஏறிக்கொண்டார்கள். இதை மறந்துவிட்டால் அந்தப் பாதை மூடப்பட்ட கதை, ஜனத்தொகை குறைந்து டிக்கெட் விற்காமல் போன இன்னொரு கதையாக மட்டுமே தெரியும். ஜப்பானியச் செய்தித்தாள்களே பெரும்பாலும் அப்படித்தான் எழுதின.

1874-இல் பெஞ்சமின் ஸ்மித் லைமன் என்ற அமெரிக்க நிலவியலாளர் யூபாரி ஆற்றுப் படுகையை ஆராய்ந்தார். இந்தப் பகுதியில் நிலக்கரி இருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. அவரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர் பான் இச்சிதாரோ. குருவின் கணிப்பை மறக்காத அவர் 1888-இல் கிளை ஆறு ஒன்றின் வழியே மேலே ஏறிப்போய், மலைச்சரிவில் வெளியே தெரிந்த கரியைக் கண்டுபிடித்தார். அந்த இடம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. நிலக்கரி என்றால் பூமிக்கடியில் தோண்டித் தேட வேண்டிய பொருள் என்றுதான் நமக்குப் பழக்கம். இங்கே பாறைச்சுவரில் மூன்று கரிய பட்டைகள் கண்ணெதிரே நிற்கின்றன. 10 அடி, 8 அடி, 6 அடி. மொத்தம் 24 அடிக் கரி. நான்கு ஆள் உயரம். யூபாரியில் ‘24 அடிப் படிமம்’ என்றாலே போதும், எதைச் சொல்கிறோம் என்று புரிந்துவிடும்.

கண்டுபிடித்த மறு ஆண்டே ஹொரி மோதோய் என்ற முன்னாள் அரசு அதிகாரி ஹொக்கைடோ நிலக்கரி ரயில்வே கம்பெனியைத் தொடங்கினார். அரசு தன் ஹொரொனாய் சுரங்கத்தையும் அதன் ரயிலையும் அந்தக் கம்பெனியிடமே கொடுத்துவிட்டது. அடுத்த மூன்றே ஆண்டுகளில் வேலை முடிந்தது. 1892 ஆகஸ்டில் தெற்கே துறைமுக ஊரான முரோரான் வரைக்கும் பிரதான பாதை போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, அந்தப் பாதையிலுள்ள ஓயிவாகே சந்திப்பிலிருந்து யூபாரிக்கு, ஏறக்குறைய 43 கி.மீ. தூரம், கிளைப் பாதை திறக்கப்பட்டது. சுரங்கம் ஒரே கை, ரயில் அதே கை. கரியை வெட்டுபவனும் சுமப்பவனும் ஒரே முதலாளியிடம் கூலி வாங்கினார்கள்.

1906-இல் அரசு ரயிலை நாட்டுடைமையாக்கியது. சுரங்கங்கள் கம்பெனியிடமே இருந்தன. ரயிலை விட்டுக்கொடுத்த மறு ஆண்டு அந்தக் கம்பெனி, ஆம்ஸ்ட்ராங், விக்கர்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆயுத நிறுவனங்களோடு சேர்ந்து முரோரானில் எஃகு ஆலையை நிறுவியது. யூபாரிக் கரி சுட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும் ரகம். எஃகு உருக்கத் தேவையான கோக் கரிக்கு அதைவிட நல்லது அந்தத் தீவில் இல்லை. மலையில் வெட்டி, அரசு ரயிலில் ஏற்றி, துறைமுக ஊரில் உருக்குவது என்று சங்கிலி முழுமையானது. தண்டவாளத்தைப் பராமரிக்கும் செலவு மட்டும் இப்போது பொதுப்பணத்தில்.

பாதையின் அமைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யூபாரி மேட்டில் இருக்கிறது, ஓயிவாகே பள்ளத்தில். காலி வேகன்கள் மேலே ஏறும். பாரம் ஏற்றிய வேகன்கள் ஆற்றோடு சேர்ந்து இறங்கும். கரிப்பாதைக்கு இதைவிடத் தோதான நில அமைப்பு அமையாது. மேலே போகும்போது எஞ்சினுக்கு வேலை, கீழே வரும்போது பிரேக்குக்கு வேலை. ஓயிவாகேயில் பல கரி ரயில்களைச் சேர்த்து நீளமாகக் கோத்து, முரோரான் நோக்கி அனுப்புவார்கள். நீராவி எஞ்சின் காலத்திலேயே அந்தப் பாதையில் ஒற்றை எஞ்சின் 2,400 டன் இழுத்தது.

அந்த வேகனை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கலாம். ‘செக்கி’ என்பது அதன் வகைப் பெயர். ஒரு வேகனில் 30 டன் கரி. உள்ளே தரை சமதளமாக இருக்காது. நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும், குதிரைச் சேணம் போல. பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் யாரும் வாரிப் போட வேண்டியதில்லை, கரி தானாகவே இருபுறமும் கொட்டிவிடும். கறுப்பு வேகனின் இடுப்பில் சுற்றி ஒரு மஞ்சள் பட்டை. மணிக்கு 65 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதற்கு அடையாளம். கூடவே, ஹொக்கைடோவை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை என்றும் பக்கத்தில் எழுதியிருக்கும். கரி கப்பலேறித் தோக்கியோ போகும், ஒசாகா போகும். வேகன் தீவைத் தாண்டாது.

சுரங்க முதலாளிகள் பெருகப் பெருக இந்தக் கிளைக்கும் கிளைகள் முளைத்தன. ஷிமிஸுசாவா நிலையத்திலிருந்து 1911-இல், பின்னாளில் மிட்சுபிஷியின் கைக்குப் போன ஓயூபாரிச் சுரங்கத்துக்குத் தனிப் பாதை பிரிந்தது. மோமிஜியாமா நிலையத்திலிருந்து நொபொரிகாவாவுக்கு இன்னொன்று. 1926-இல் யூபாரி ரயில்வே என்ற தனியார் கம்பெனி மேற்கே குரியாமாவிலிருந்து மலையைக் குறுக்கே கடந்து யூபாரிக்குள் வந்தது; நான்கு ஆண்டுகளில் அதை சப்போரோ திசையில் நொப்போரோ வரை நீட்டினார்கள். சப்போரோவுக்குப் போகிறவர்களுக்கு இதுதான் நேர்வழி. அரசு ரயிலில் போனால் தெற்கே இறங்கி ஓயிவாகே வழியாகச் சுற்ற வேண்டும். யூபாரிக்காரர்கள் எந்த ரயிலில் ஏறியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மனிதர் பாதை முதலில், 1970-களிலேயே மூடப்பட்டது; கரிப் பாதை நீடித்தது. ஊருக்குப் பயன்பட்டது போய், கம்பெனிக்குப் பயன்பட்டது மிஞ்சியதை இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பமாக நான் நினைக்கிறேன்.

1960-இல் யூபாரியின் மக்கள்தொகை 1,16,908. ஒடுங்கிய ஒரு பள்ளத்தாக்கில், இருபதுக்கும் மேற்பட்ட சுரங்கங்களைச் சுற்றி, சரிவு சரிவாகக் கம்பெனியின் வரிசை வீடுகள். வீடு கம்பெனியுடையது. பொதுக் குளியலறை, ஆஸ்பத்திரி, தண்ணீர்க் குழாய், குளிருக்கு எரிக்கும் கரி எல்லாமே கம்பெனி கொடுத்தது. யமாதா யோஜி 1977-இல் எடுத்த ‘மகிழ்ச்சியின் மஞ்சள் கைக்குட்டை’ படத்தின் முடிவுக் காட்சி இப்படிப்பட்ட வரிசை வீடுகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. அந்த வீடுகளைப் பார்க்கவே இன்றும் யூபாரிக்கு ஆள் வருகிறது.

படத்தில் காட்டாத இன்னொன்று உண்டு. யூபாரிக் கரியில் மீத்தேன் அதிகம். 1912 ஏப்ரலில் நடந்த வெடிவிபத்தில் 276 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும், இருநூறுக்கும் மேல். 1914 நவம்பரில் வாகானபே சுரங்கத்தில் 420-க்கும் மேல். 1920-இல், 1938-இல், 1960-இல், 1965-இல் என்று இந்தப் பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க, கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டவர்களையும் இதே சுரங்கங்களுக்குள் இறக்கினார்கள். கரி எத்தனை டன் இறங்கியது என்று ஆண்டுவாரியாகக் கணக்கு வைத்திருந்த நிறுவனங்கள் அவர்களைப் பற்றிப் பேசும் இடங்களில் மட்டும் சுருக்கமாக முடித்துக்கொள்கின்றன.

1962-இல் ஜப்பான் எண்ணெய் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டை நீக்கியது. அதற்குப் பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ரயிலின் எஞ்சினே எண்ணெய்க்கு மாறியது. 1975 டிசம்பர் 24-ஆம் தேதி, யூபாரியிலிருந்து ஓயிவாகேக்கு ஒரு கரி ரயிலை டி51 வகையைச் சேர்ந்த 241-ஆம் எண் நீராவி எஞ்சின் இழுத்து வந்தது. ஜப்பான் தேசிய ரயில்வேயில் நீராவி எஞ்சின் இழுத்த கடைசி வழக்கமான ரயில் அதுதான். எஞ்சினைப் பாதுகாத்து வைக்கும் எண்ணம் இருந்தது. நான்கு மாதத்துக்குள் ஓயிவாகே லோகோ ஷெட்டில் பிடித்த தீயில் அது எரிந்துபோனது.

அதே 1975-இல்தான் புதிய நம்பிக்கையும் பிறந்தது. நவீன இயந்திரங்களோடு, பழைய சுரங்கங்களைவிட ஆழத்தில், ‘யூபாரி புதுச் சுரங்கம்’ கரி எடுக்கத் தொடங்கியது. பழையவை மூடினாலும் இது ஊரைக் காப்பாற்றும் என்று நம்பினார்கள்.

1981 அக்டோபரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த மாதம் 1-ஆம் தேதி செக்கிஷோ பாதை திறக்கப்பட்டது. சப்போரோவிலிருந்து கிழக்கே ஒபிஹிரோ, குஷிரோ போகும் விரைவு ரயில்களுக்காக, மலைகளைக் குடைந்து போட்ட புதுப் பாதை. அது யூபாரிக்குள் வரவில்லை. பழைய மோமிஜியாமா நிலையத்தைத் தொட்டு, நேரே கிழக்கே போய்விட்டது. அந்த நிலையத்துக்கு ‘ஷின் யூபாரி’ என்று பெயர் மாற்றினார்கள். நொபொரிகாவாக் கிளையை அதற்குச் சில மாதம் முன்பே மூடிவிட்டிருந்தார்கள். 89 ஆண்டுகளாக யூபாரிப் பாதையாக இருந்தது, ஒரே நாளில் செக்கிஷோ பாதையின் ஒரு கிளையாகச் சுருங்கியது.

சரியாகப் பதினைந்து நாள் கழித்து, 16-ஆம் தேதி நண்பகல் தாண்டிய நேரத்தில், யூபாரி புதுச் சுரங்கத்தின் அடியில் மீத்தேன் பீறிட்டது. பிறகு தீப்பிடித்தது. மீட்கப் போனவர்களும் செத்தார்கள். தீ அணையவில்லை, 59 பேர் இன்னும் உள்ளே. ஆற்றுத் தண்ணீரை விட்டால்தான் தீ அணையும் என்று கம்பெனி முடிவு செய்தது. தலைவர் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களிடம் சம்மதம் கேட்டார். 23-ஆம் தேதி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. இறந்தவர்கள் மொத்தம் 93 பேர். மறு ஆண்டு அக்டோபரில் சுரங்கம் மூடப்பட்டது. பூமிக்கடியில் கணவனோ மகனோ இருக்கிறான் என்று தெரிந்தே தண்ணீர் விடச் சம்மதித்த அந்தக் குடும்பங்களை நினைத்தால், யூபாரி நகராட்சி பட்ட கடனைப் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்ட கண்டனக் கட்டுரைகள் எனக்குக் கோபத்தையே வரவழைக்கின்றன.

ஊர் சுருங்குவதற்கு ஏற்ப ரயில் நிலையமும் நகர ஆரம்பித்தது. முதல் நிலையம் அந்த 24 அடிப் படிமத்துக்கு அருகே, பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருந்தது. 1985-இல் அதை 1.3 கி.மீ. தெற்கே, நகராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். 1990 மார்ச்சில் மிட்சுபிஷியின் தெற்கு ஓயூபாரிச் சுரங்கம் மூடியதும் யூபாரியில் கரி எடுப்பது முற்றிலும் நின்றது. அந்த டிசம்பரில் நிலையம் மறுபடியும் 0.8 கி.மீ. தெற்கே போனது, பனிச்சறுக்குச் சரிவின் அடிவாரத்துக்கு, ஒரு ஹோட்டல் வாசலுக்கு. கரி வந்த இடத்திலிருந்து விலகி, பயணி வருவார் என்று எதிர்பார்த்த இடத்துக்கு. ஷின் யூபாரியிலிருந்து 18.2 கி.மீ. இருந்த பாதை 16.1 கி.மீ. ஆனது.

2007-இல் யூபாரி நகராட்சி திவால் நிலைக்குப் போய் அரசின் கண்காணிப்புக்குள் வந்தது. சுமார் 3,530 கோடி யென் கடனை அடைக்க வேண்டும். சுரங்க அருங்காட்சியகம், பொழுதுபோக்குப் பூங்கா, ஹோட்டல், திரைப்பட விழா என்று மேயர் நகாதா தெத்சுஜி காலத்தில் அகலக்கால் வைத்ததுதான் காரணம் என்று ஊர் உலகம் பேசியது. கணக்கை வருடக்கணக்கில் மறைத்ததும் உண்மை. ஆனால் இன்னொரு தொகையையும் பக்கத்தில் வைக்க வேண்டும். சுரங்கக் கம்பெனிகள் கைவிட்டுப் போன வீடுகள், ஆஸ்பத்திரி, தண்ணீர்க் குழாய்கள், சாலைகள் ஆகியவற்றை ஏற்றுச் சீர்படுத்த நகராட்சி செலவழித்தது சுமார் 5,830 கோடி யென். கடனைவிடப் பெரிய தொகை. லாபம் இறக்கத்தில் முரோரானுக்கும் தோக்கியோவுக்கும் போனது; பராமரிப்பு மேட்டிலேயே தங்கிவிட்டது.

தோக்கியோ மாநகர அரசிலிருந்து உதவிக்கு அனுப்பப்பட்ட இளம் ஊழியர் சுஸுகி நவோமிச்சி, 2011-இல் தமது 30-ஆம் வயதில் யூபாரியின் மேயரானார். 2016 ஆகஸ்டில் அவர் எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். அப்போது பாதையை நடத்திவந்த ஜேஆர் ஹொக்கைடோ நிறுவனம் கேட்பதற்கு முன்பே, பாதையை மூடச் சம்மதம் என்று தாமே போய்ச் சொன்னார். பதிலுக்கு மாற்றுப் போக்குவரத்துக்கு உதவி வேண்டும் என்றார். பாதையில் அப்போது நாளைக்கு ஐந்து முறை, பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி டீசல் ரயில் போய்வந்தது. பேச்சுவார்த்தையின் முடிவில் 75 கோடி யென் தருவதற்கு ஜேஆர் ஒப்புக்கொண்டது.

இதைத் துணிச்சல் என்று பாராட்டியவர்களும் உண்டு, சரணாகதி என்று திட்டியவர்களும் உண்டு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்காணிப்பில் இருக்கும் நகராட்சியிடம் பேரம் பேச மிச்சமிருந்த ஒரே சொத்து அந்தப் பாதைதான். ஆனால் விளைவு யூபாரியோடு நிற்கவில்லை. சில மாதங்களிலேயே ஜேஆர் ஹொக்கைடோ, தன் மொத்தப் பாதையில் ஏறக்குறைய பாதியைத் தனியாக நடத்த முடியாது என்று அறிவித்தது. சஷ்ஷோ பாதையின் வடபகுதி 2020-இல் போனது. ஹிதாகா பாதையின் பெரும்பகுதி 2021-இல். ருமோய் கடற்கரைக்குப் போன பாதையின் பெரும்பகுதி 2023-இல் மூடப்பட்டது. ‘யூபாரியே ஒப்புக்கொண்டதே’ என்ற வாதத்துக்கு இந்த ஊர்களால் எளிதில் பதில் சொல்ல முடியவில்லை.

யூபாரியில் கடைசி ரயில் 2019 மார்ச் 31 அன்று ஓடியது. அடுத்த வாரமே சுஸுகி ஹொக்கைடோ மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ரயிலுக்குப் பதிலாக பஸ் விடும் பொறுப்பை ஏற்ற நிறுவனம், 1926-இல் மலையைக் கடந்து வந்த அதே யூபாரி ரயில்வே கம்பெனி; பெயரில் ரயில் இருந்தாலும் 1970-களிலிருந்து அது பஸ் மட்டுமே ஓட்டுகிறது.

அதே 2019-இல், தீவின் கிழக்குக் கரையில் குஷிரோ நகரத்தில், சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு 4 கி.மீ. மட்டும் ஓடிய ஒரு கரி ரயிலும் நின்றது. யூபாரியில் கரி தீர்ந்து பல ஆண்டுகள் கழித்து ரயில் நின்றது. குஷிரோவிலோ ரயில் நின்ற பிறகும் பூமிக்கடியில் கரி வெட்டினார்கள். எப்படி என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)