மலிவான காரும் மாற்றக்கூடிய பாகமும்

மருதானையில் படிக்கும் நமக்குப் பஞ்சிகாவத்தை புதிய இடமல்ல. கடைக்குக் கடை கதவுகள், பம்பர்கள், ஹெட்லைட்டுகள், கியர் பெட்டிகள் என்று கார்கள் துண்டுதுண்டாக அடுக்கப்பட்டிருக்கும். சாதாரண மக்களின் கார், செல்வந்தர்களின் கார் என மோட்டார் வாகனம் இரண்டாகப் பிரிந்த வரலாற்றை விளங்கிக்கொள்ள அந்தத் துண்டுகளே போதுமானவை.

ஜேர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் 1886இல் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். நமது முச்சக்கர வண்டியைப் போல அதற்கும் மூன்று சில்லுகளே இருந்தன. 1888 ஒகஸ்டில் அவரது மனைவி பெர்த்தா, கணவருக்குச் சொல்லாமலே தமது இரு மகன்மாருடன் அவ்வகை வண்டியொன்றில் 100 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் பயணம் செய்தார். அப்போது பெற்றோல் நிலையங்கள் இருக்கவில்லை. வழியில் ஒரு மருந்துக்கடையில்தான் எரிபொருள் வாங்கினார். உதிரிப்பாகக் கடை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆரம்பகாலக் கார்கள் பெரும்பாலும் கைவேலையாகவே செய்யப்பட்டன. ஒவ்வொரு பாகத்தையும் தொழிலாளி அரத்தால் அராவி, அந்த வண்டிக்குப் பொருந்தும்படி அமைப்பார். ஒரு காருக்குச் செய்த பாகம், அதே வகையைச் சேர்ந்த மற்றக் காருக்குச் சரிவராமல் போகலாம். ஆகவே செலவு கூடியது. கார் வைத்திருப்பது செல்வந்தரின் பொழுதுபோக்காகவே இருந்தது.

1908இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. மூன்று கெடிலாக் கார்களை முழுமையாகக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்து, மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டி 500 மைல் ஓட்டினார்கள். மூன்றும் ஓடின. எந்தப் பாகமும் எந்தக் காருக்கும் பொருந்தும் என்பது அன்று நிரூபணமானது.

அதே ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி போர்ட் தமது ‘மொடல் டீ’ காரை ஏறத்தாழ 850 டொலருக்கு அறிமுகப்படுத்தினார். 1913இல் அவரது தொழிற்சாலையில் நகரும் பொருத்தல் வரிசை வந்தது. தொழிலாளி காரைத் தேடிப் போகாமல், கார் தொழிலாளியிடம் வந்தது. அடிச்சட்டம் ஒன்றைப் பூட்ட எடுத்த சுமார் 12 ½ மணித்தியாலம் 93 நிமிடமாகக் குறைந்தது. பாகங்கள் ஒரே அளவில் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. அராவிக்கொண்டிருக்க அந்த வரிசையில் நேரமில்லை. 1920களின் நடுப்பகுதியில் மிக மலிவான ‘மொடல் டீ’யின் விலை 260 டொலர் மட்டுமே.

ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனம் வேறு வழியில் சென்றது. அது எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் மட்டும் செய்து விற்றது. வாங்குபவர் அதைக் கூடு கட்டும் கைவினைஞரிடம் கொடுத்து, தமக்கு விருப்பமான உடலை அமைத்துக்கொள்வார். ஒன்று ஆயத்த ஆடை என்றால், மற்றது அளவெடுத்துத் தைத்த ஆடை.

ஆயினும் மக்கள் மலிவோடு நின்றுவிடவில்லை. 1914 முதல் 1925 வரை ‘மொடல் டீ’ கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. இதற்கிடையில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அடிப்படியில் செவ்ரலே, உச்சியில் கெடிலாக் என்று ஏணிபோல் கார்களை அடுக்கியது. போர்ட் நிறுவனமும் 1922இல் லிங்கன் என்ற ஆடம்பரக் கார் நிறுவனத்தை வாங்கியது. 1927இல், ஒன்றரைக் கோடிக் கார்களுக்குப் பிறகு ‘மொடல் டீ’ நிறுத்தப்பட்டது.

நமது நாடு சுதந்திரமடைந்த 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர், இங்கு நடுத்தரக் குடும்பங்களின் காராகியது. அது இன்றும் நம் வீதிகளில் ஓடக் காரணம் என்ன? பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையொன்றில் வேலை செய்யும் என் மாமாவிடம் கேட்டேன். “சாமான் கிடைக்கிற வரைக்கும் வாகனம் சாகாது மகள்” என்றார். விலை உயர்ந்த கார்களுக்குப் பாகம் கேட்டு வருபவர்கள் பல நேரங்களில் ஓர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்; சாதாரணக் காரின் பாகம் தட்டிலேயே இருக்கும் என்றும் சொன்னார்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளும் நம் பாடசாலை வேன்களும் முச்சக்கர வண்டிகளும் ஓடியது இத்தகைய கடைகளையும் கராஜ்களையும் நம்பித்தான். மாமாவின் வீட்டு அடுப்பு எரிந்ததும் அதனால்தான்.

ஆகவே ஒரு கார் மலிவானதா என்பதை விற்பனை விலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பத்து ஆண்டுகள் கழித்து அது பழுதாகும்போது, அதன் பாகத்தைச் சாதாரண மனிதரால் வாங்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும். இன்று புதிய கார்களில் பற்றரிகளும் கணினிப் பெட்டிகளும் நிறைந்துள்ளன. அவற்றைத் திருத்தும் அறிவு நிறுவனங்களின் கைக்குள் மட்டும் இருக்குமா, பஞ்சிகாவத்தைக்கும் வந்து சேருமா? நாளை பொறியியலும் தொழில்நுட்பமும் கற்கப்போகும் நம் தோழியர் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.