மகாவலி கங்கை: ஈர வலயத்தின் நீர் உலர் வலயத்திற்கு

இலங்கையின் மிக நீளமான ஆறு மகாவலி கங்கை. நீளம் 335 கிலோமீற்றர். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இதன் வடிநிலமாகும். சிங்களத்தில் ‘மகா வெலி’ என்றால் பெருமணல். கீழ்ப்பகுதியில் ஆறு படியவிடும் மணலைக் கண்டோர் இப்பெயரின் பொருத்தத்தை உணர்வர்.

ஹோட்டன் சமவெளி, ஹற்றன் ஆகிய மலைப்பகுதிகளில் தோன்றும் ஓடைகள் கொத்மலை ஓயா, ஹற்றன் ஓயா எனத் திரண்டு மகாவலியாகின்றன. நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியாக வடக்கே வரும் ஆறு, கண்டி நகரை மூன்று பக்கங்களிலும் சுற்றி வளைந்து கிழக்கே திரும்புகிறது. பின்னர் மினிப்பே அருகே சமவெளியில் இறங்கி, மீண்டும் வடக்கு நோக்கி ஓடி, திருகோணமலையின் கொட்டியார் குடாவில் கடலுடன் கலக்கிறது. தோற்றுவாயிலிருந்து முகத்துவாரம் வரை நேர்கோட்டில் அளந்தால் 200 கிலோமீற்றருக்கும் குறைவே. மீதி எல்லாம் வளைவுகள்தான்.

இந்த வளைவு கண்டி இராச்சியத்திற்கு இயற்கை அரணாக அமைந்தது. 1803 இல் கண்டியிலிருந்து பின்வாங்கிய மேஜர் டேவியின் பிரித்தானியப் படை, வட்டப்புளுவைத் துறையில் ஆறு பெருக்கெடுத்திருந்தமையால் கடக்க முடியாது சிக்கி அழிந்தது. வரலாற்று வினாவுக்கு விடை எழுதும்போது இதைக் கண்டியரின் வீரத்துடன் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். புவியியற் காரணியையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி முக்கியமான விடயம். மேல் வடிநிலத்திற்குத் தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மழை தருகிறது. அதே மாதங்களில் உலர் வலயம் வறண்டு கிடக்கிறது. சிறுபோகத்திற்கு நீர் இல்லை. ஒரே தீவில் ஓரிடத்தில் வெள்ளம், இன்னோரிடத்தில் வெடித்த வயல். இந்த முரண்பாட்டை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மகாவலியின் கிளையாறாகிய அம்பன் கங்கையை மறித்து எலகர கால்வாயை வெட்டியவன் வசப மன்னன் என்பர். அக்கால்வாயின் நீரே மகாசேனனின் மின்னேரிக் குளத்தை நிரப்பியது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகுவின் பராக்கிரம சமுத்திரத்திற்கும் அம்பன் கங்கையே நீர் வழங்கியது.

நவீன திட்டமும் இதே வழியைத்தான் பின்பற்றியது. 1976 இல் பொல்கொல்லையில் அணை கட்டப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியால் மகாவலி நீர் உக்குவளை மின்நிலையத்திற்கும், அங்கிருந்து சுது கங்கை, அம்பன் கங்கை ஊடாகப் போவதென்னைக்கும் திருப்பப்பட்டது. அங்கிருந்து 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவெவ வரை நீர் செல்கிறது. முப்பது ஆண்டுகளில் முடிக்க வகுத்த திட்டத்தை 1977 இல் பதவியேற்ற அரசாங்கம் ஆறு ஆண்டுகளாகச் சுருக்கியது. அதுவே துரித மகாவலி அபிவிருத்தித் திட்டம். சுவீடனின் உதவியுடன் கொத்மலை (1985), பிரித்தானியாவின் உதவியுடன் விக்டோரியா (1985), மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் ரந்தெனிகலை (1986) என்பன எழுந்தன. விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமானது. மின்வலு 210 மெகாவாற்று.

நன்மைகளை மட்டும் எழுதினால் விடை நிறைவுபெறாது. பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. கொத்மலைக் கிராமங்களின் மக்கள் தம் வயலையும் கோயிலையும் விட்டு வெளியேறினர். வறட்சிக் காலத்தில் நீர் வற்றினால் கடதொர விகாரையின் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரிகின்றன. கிழக்கில் அமைந்த குடியேற்றங்கள் இனவிகிதத்தை மாற்றின என்ற விமர்சனமும் உண்டு. மலைச்சரிவுகளில் தேயிலை, மரக்கறிச் செய்கையால் அரிக்கப்படும் மண் பொல்கொல்லை, ரன்தம்பே நீர்த்தேக்கங்களில் படிந்து கொள்ளளவைக் குறைத்து வருகிறது.

படத்தில் குறிக்கும்போது கவனம்: ஆறு ஓடும் திசையில் முதலில் பொல்கொல்லை, அடுத்து விக்டோரியா, ரந்தெனிகலை, ரன்தம்பே. போவதென்னை மகாவலியில் அன்று, அம்பன் கங்கையில் உள்ளது.