கதிரவன் காய்ச்சும் வெந்நீர்

மார்கழி, தைத் திங்கள்களில் வேப்பம்பட்டிலிருந்து சென்னைக்கும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குச் செல்வோர் விடியுமுன்பே நீராடிப் புகைவண்டிக்குப் புறப்பட வேண்டியிருக்கிறது. முதியோருக்கும், பச்சிளங் குழந்தைகளுக்கும், பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் வெந்நீர் இன்றியமையாதது. இதற்காகும் செலவை நாம் பெரும்பாலும் கணக்கிடுவதில்லை.

100 லிட்டர் நீரை 30 பாகை சூடேற்ற மூன்றரை அலகு மின்சாரம் வேண்டும். நாள்தோறும் காய்ச்சினால் இரு திங்களுக்கு 210 அலகு. வீடுகளுக்கு இரு திங்களுக்கு 100 அலகு மின்சாரத்தைக் கட்டணமின்றி வழங்கும் முறை 2016-ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் வந்தது. அதனைப் போல் இருமடங்குக்கு மேல் வெந்நீருக்கே சென்றுவிடும். விறகடுப்பில் காய்ச்சினாலோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ விறகு வேண்டும். புகையை நம் பெண்மணிகள் சுவாசிக்க நேரும்.

நமது பகுதியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு விழும் வெயில் சராசரியாக 5 அலகு மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் உடையது. அதில் பாதியை நீரில் சேர்த்தாலும் 100 லிட்டருக்கு இரண்டு சதுர மீட்டர் பரப்பு போதும்.

பிடிப்பதும் காப்பதும்

கருநிறம் பூசிய பீப்பாயைக் கண்ணாடி மூடிய பெட்டியில் வைத்தால் மாலைக்குள் நீர் சுடும். 1891-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் இத்தகைய கருவிக்கே காப்புரிமை பெற்றார். ஆயினும் இரவில் வெப்பம் கண்ணாடி வழியே வெளியேற, விடியலில் நீர் ஆறிவிடும். 1909-ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் வெயில் வாங்கும் பெட்டியையும் நீர்த்தொட்டியையும் தனித்தனியாக்கி, தொட்டிக்குக் காப்புறை இட்டார். காலையிலும் வெந்நீர் கிடைத்தது. மாலையில் மட்டும் நீராடுவோருக்குப் பீப்பாய் முறை போதும். விடியற்காலையில் வெந்நீர் வேண்டுவோருக்குப் பெய்லியின் முறையே ஏற்றது.

அமைக்கும் முறை

6½ அடி நீளமும் 3¼ அடி அகலமும் உள்ள பெட்டியின் அடியில் இரண்டு அங்குலக் கனத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு பரப்புக. அதன்மேல் கருநிறம் பூசிய செப்புத் தகடும், அதனோடு பற்றவைத்த அரை அங்குலச் செப்புக் குழாய்களும் அமைய வேண்டும். இக்குழாய்களின் இரு முனைகளையும் ஓரங்குல முதன்மைக் குழாய்கள் இணைக்கும். மேலே ஓரங்குல இடைவெளி விட்டுக் கண்ணாடியைப் பொருத்துக.

குளிர்காலத்தில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால் பெட்டி தெற்கு நோக்கியிருத்தல் வேண்டும். மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட 2¾ அடி உயர்ந்திருந்தால் சாய்வு 25 பாகை ஆகும்.

100 லிட்டர் எவர்சில்வர் தொட்டியைச் சுற்றி நான்கு அங்குலக் கனத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றி, மழை புகாதபடி தகட்டால் மூடுக. தொட்டியின் அடி, பெட்டியின் மேல்விளிம்பைவிட ஓரடியேனும் உயர்ந்திருக்க வேண்டும். சூடான நீர் இலேசாகி மேலெழும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கும். ஆதலின் தொட்டியின் அடியிலிருந்து பெட்டியின் கீழ்ப்புறத்துக்கு ஒரு குழாயும், பெட்டியின் மேல்புறத்திலிருந்து தொட்டியின் மேற்பகுதிக்கு மற்றொரு குழாயும் சென்றால், எந்திரமின்றி நீர் தானே சுழலும். தொட்டி தாழ்ந்திருந்தால் இரவில் ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பி, சேர்த்த சூட்டைப் பெட்டியின் வழியே இழக்க நேரும். மேல்குழாய் தொட்டிவரை சிறிதும் தாழாமல் ஏறிச்செல்க. தாழ்ந்த இடத்தில் காற்று தங்கி ஓட்டத்தைத் தடுக்கும்.

மாடியிலுள்ள குளிர்நீர்த் தொட்டி இதனினும் உயரத்தில் இருந்து, இதன் அடிப்பகுதிக்கு நீர் தர வேண்டும். வெந்நீரை மேற்பகுதியிலிருந்தே எடுக்க. தொட்டியின் உச்சியிலிருந்து ஒரு காற்றுப்போக்கிக் குழாய் குளிர்நீர் மட்டத்துக்கும் மேலே எழுந்து திறந்திருக்க வேண்டும். அதனை அடைத்தல் ஆபத்து.

கவனிக்க வேண்டியவை

நிறைந்த தொட்டியின் எடை 100 கிலோவுக்கு மேலாகும். சுவரோ உத்தரமோ தாங்கும் இடத்தில் நிறுத்துக. கிணற்று நீரில் உப்பு மிகுந்தால் குழாய்களில் படிந்து வழியைக் குறுக்கும். பெட்டியின் அடியில் ஒரு வடிகுழாய் வைத்து அவ்வப்போது கழுவி விடுதல் நலம். கண்ணாடியில் படியும் தூசியைத் துடைக்க வேண்டும். வெயில் மிகுந்த நாளில் நீர் கை பொறாத அளவு சுடுமாதலால், குளிர்ந்த நீருடன் கலந்த பின்னரே குழந்தைகளை நீராட்டுக. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் வெயில் குன்றும்; அந்நாட்களுக்கு மாற்று அடுப்பை ஒழிக்கலாகாது.

இவ்வேலைக்குத் தேவையான கைத்திறன் நம் ஊர்த் தச்சரிடமும், கொல்லரிடமும், குழாய்த் தொழிலாளரிடமும் உண்டு. முதலில் ஒரு வீட்டில் அமைத்து, மாலையிலும் மறுநாள் விடியலிலும் நீரின் சூட்டை வெப்பமானியால் அளந்து பார்த்து, குறை களைந்து, பின்னர் ஏனைய வீடுகளுக்குப் பரப்புதல் சாலச் சிறந்தது. மொட்டை மாடியில் வீணாகும் வெயில், நம் இல்லத்தின் விறகுச் செலவையும் மின்கட்டணத்தையும் குறைக்கப் பயன்படுவதாகுக.