‘ஈ’ என்றதும் பிள்ளை எந்த எழுத்தை எழுதுகிறது?

மொன்றியலில் பார்க் எக்ஸ்ரென்ஷன். தோழி வீட்டுக் குசினி மேசையில் அவளுடைய ஏழு வயது மகன் கொப்பியோடு இருந்தான். “பெட் எழுதுங்கோ தம்பி. பி, ஈ, டி” என்றாள். அவன் நாக்கை உதட்டில் அழுத்திக்கொண்டு கவனமாக எழுதினான். எட்டிப் பார்த்தால் ‘பிட்’ என்று இருந்தது. நடுவில் தலையில் புள்ளி வைத்த எழுத்து. “எத்தனை தரம் சொல்லித் தாறது!” என்று அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளை முகம் சுருங்கியது.

பிள்ளையில் பிழையே இல்லை. பிரெஞ்சில் அந்தப் புள்ளி வைத்த எழுத்தின் பெயர்தான் ‘ஈ’. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொல்லித்தந்ததை அவன் ஒழுங்காகச் செய்திருக்கிறான். ஆங்கிலத்தில் நாம் ‘ஜே’ என்னும் எழுத்துக்குப் பிரெஞ்சில் ஏறத்தாழ ‘ஜி’ என்று பெயர். நாம் ‘ஜீ’ என்பதை அங்கே ‘ஜே’ என்பார்கள். இது தெரியாமல் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் ஏச்சு வாங்குகிறார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

கியூபெக்கில் 1977 ஓகஸ்டில் நிறைவேறிய பிரெஞ்சு மொழிச் சாசனம், அதாவது எல்லோரும் சொல்லும் சட்டம் 101, அரசுப் பள்ளிகளிலும் அரசு மானியம் பெறும் தனியார் பள்ளிகளிலும் பிரெஞ்சிலேயே படிக்கவேண்டும் என்கிறது. விதிவிலக்குகள் சிலவே. அதனால் எங்கள் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிரெஞ்சில் எழுத்தறிகிறார்கள். வீட்டில் தமிழ். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகம் வாசிக்கிறார்கள் என்று கேட்டதும் பெற்றோருக்குப் பதற்றம் வருகிறது. 2006 முதல் பிரெஞ்சுப் பள்ளிகளிலும் முதலாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலப் பாடம் உண்டு. ஆனால் முதல் இரண்டு வகுப்புகளில் அது பெரும்பாலும் பாட்டும் கதையும் கேட்டுப் பேசுவதும்தான். வாசிக்கப் பழக்கும் வேலை வீட்டுக்கு வருகிறது.

முதலில் உரிமை. கல்வி பற்றி அந்தச் சட்டம் சொல்வது பள்ளிக்கூடத்துக்குத்தான். வீட்டில் எந்த மொழியில் கதைப்பது, எதை வாசிக்கப் பழக்குவது என்பதில் அது தலையிடவில்லை. “வீட்டிலும் பிரெஞ்சே கதையுங்கள், தமிழை விடுங்கள்” என்று யார் சொன்னாலும், அது ரீச்சராகவே இருந்தாலும், அது சட்டம் அல்ல, யோசனை மட்டுமே. பெற்றோருக்கே தடுமாறும் மொழியில் பிள்ளையோடு கதைத்தால் பிள்ளைக்குக் கிடைப்பது அரைகுறைப் பேச்சு. நல்ல தமிழில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘ஏன்’, ‘ஆனாலும்’, ‘அதற்கு முதல்’ போன்றவற்றின் பொருள் ஏற்கெனவே தெரியும். பிரெஞ்சில் அதற்கு ஒரு சொல் கிடைத்தால் போதும்.

அடுத்து, பிரெஞ்சில் படித்தால் ஆங்கிலம் கெட்டுப்போகுமா என்ற பயம். இதற்கு விடை மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையிலேயே இருக்கிறது. சென் லாம்பேர் என்ற ஊரில் 1965இல் ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் வலியுறுத்தித் தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மூலம் பாலர் வகுப்பு தொடங்க வைத்தார்கள். மக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பேர்ட் அந்தப் பிள்ளைகளை ஆண்டாண்டாகக் கவனித்தார். ஆங்கில வாசிப்புப் பாடம் இரண்டாம் வகுப்பில்தான் ஆரம்பித்தது. தொடக்கத்தில் ஆங்கில வாசிப்பில் பின்தங்கியவர்கள் பிறகு எட்டிப்பிடித்துவிட்டார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியாக்கிச் சேர்க்கும் திறமையை ஒரு மொழியில் பெற்றால் போதும், அடுத்த மொழியில் அதை மீண்டும் அடியிலிருந்து கற்கவேண்டியதில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை நான் மறைக்கக்கூடாது. அந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஆங்கிலம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் இல்லை. வாசிக்கும் திறமை பிரெஞ்சிலிருந்து கடந்து வரும். ஆங்கிலச் சொற்கள் தாமாக வந்துவிடா. ஆகவே காதுக்கு ஆங்கிலம் போகவேண்டும். நகர நூலகங்களில் ஆங்கிலச் சிறுவர் புத்தகங்கள் இலவசமாக இரவல் கிடைக்கும். நான்கு வயதிலிருந்தே மடியில் வைத்து வாசித்துக் காட்டுங்கள். உங்கள் உச்சரிப்பு தமிழ்வாடை அடிக்கிறதே என்று வெட்கப்படவேண்டாம். பிள்ளைக்குத் தேவை கதையும் உங்கள் குரலும்.

எழுத்தை எப்போது தொடங்குவது? பிரெஞ்சில் சின்ன வசனங்களைத் தடங்கலில்லாமல் வாசிக்கத் தொடங்கிய பிறகு என்பேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது முதலாம் வகுப்பின் கடைசியிலோ இரண்டாம் வகுப்பிலோ வரும். ஆங்கிலம் மெதுவாகத்தான் ஏறும். 2003இல் வெளியான ஆய்வொன்று ஆங்கிலத்தையும் பன்னிரண்டு ஐரோப்பிய எழுத்துமுறைகளையும் ஒப்பிட்டது. முதலாம் வகுப்பு முடிவில் பழகிய சொற்களில் 79 விழுக்காட்டைப் பிரெஞ்சுப் பிள்ளைகள் சரியாக வாசித்தார்கள். ஸ்கொட்லாந்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் வாசித்தது 34 விழுக்காடு. அவ்வளவு சிக்கலான எழுத்துக்கூட்டல் அது. ஆகவே உங்கள் பிள்ளை திணறினால் மந்தம் என்று எண்ணிவிடாதீர்கள்.

சொல்லித்தரும்போது எழுத்தின் பெயரை ஒதுக்கி வையுங்கள். ஒலியைச் சொல்லுங்கள். ‘பி, ஈ, டி’ வேண்டாம். ‘ப், எ, ட்’. மெய்யொலிகளில் பெரும்பங்கு இரு மொழிக்கும் பொது, அதை மறுபடி படிப்பிக்கத் தேவையில்லை. மாறுவதை மட்டும் எடுங்கள்: பிரெஞ்சில் ஒலிக்காத ‘எச்’, ‘சி-எச்’ சேர்ந்தால் வரும் ஒலி, ‘ஓ-ஐ’, ‘ஓ-யு’, சொல்லின் கடைசி எழுத்துகள். ‘பி, ஏ, ஐ, என்’ என்ற நான்கு எழுத்துகளைக் கண்டால் பிரெஞ்சு படிக்கும் பிள்ளை மூக்கொலியோடு வாசிக்கும், பொருள் பாண். ஆங்கிலத்தில் அதுவே நோவு. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற எங்கள் பாணும் அந்தப் பிரெஞ்சுச் சொல்லும் ஒரே இலத்தீன் வேரில் வந்தவை என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளை மறக்காது. “பிழை” என்று வெட்டாமல், “அது பிரெஞ்சு வாசிப்பு, சரி, இங்கிலிஷில் எப்படி?” என்று கேளுங்கள்.

இதில் தமிழ் கைகொடுக்கும் இடமும் உண்டு. ஆங்கிலத்தில் கப்பலுக்கும் செம்மறிக்கும் உள்ள வேறுபாடு ‘ஷிப்’, ‘ஷீப்’. பிரெஞ்சு மட்டும் பழகிய காதுக்கு இரண்டும் ஒன்றுபோலப் படலாம். இகரமும் ஈகாரமும் பழகிய பிள்ளை உடனே பிரித்துவிடும். குறில் நெடிலைச் சொல்லி விளக்கலாம். நாளுக்கு ஒரு கால் மணித்தியாலம், தனிக் கொப்பி. பிள்ளை களைத்த நாளில் விட்டுவிடுங்கள்.

இனி ஆபத்து. பிரெஞ்சிலும் ஒலியைச் சேர்க்க முடியவில்லை, இரண்டாம் வகுப்பிலும் எழுத்துகள் தங்கவில்லை என்றால், “மூன்று மொழி, அதுதான் குழப்பம்” என்ற பதிலோடு வீட்டுக்கு வராதீர்கள். பல மொழி கேட்பதால் டிஸ்லெக்ஸியா வருவதில்லை. அது இருந்தால் எல்லா மொழியிலும் தெரியும். பேச்சு மொழி நிபுணரின் மதிப்பீடு கேளுங்கள். சிறப்புத் தேவையுள்ள மாணவருக்கு அதிபர் தனி உதவித் திட்டம் ஒன்றைப் பெற்றோரோடு சேர்ந்தே தயாரிக்கவேண்டும் என்று கியூபெக் கல்விச் சட்டம் சொல்கிறது. பிரெஞ்சு தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்டதை எழுத்தில் கொடுத்து, திகதியோடு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி அசையவில்லையா? 2023 ஓகஸ்டிலிருந்து மாணவர் குறைகேள் அமைப்பு இயங்குகிறது. செலவில்லை. முதலில் சம்பந்தப்பட்டவரிடமோ அவருடைய மேலாளரிடமோ முறையிடவேண்டும். பதிலுக்கு 10 வேலைநாள். பிறகு பள்ளிச் சேவை மையத்தின் முறைப்பாட்டுப் பொறுப்பாளர், 15 வேலைநாள். அதற்கும் மேல் பிராந்திய மாணவர் குறைகேள் அதிகாரி, 20 வேலைநாள்.

ஆங்கிலப் பள்ளியே வேண்டும் என்பவர்களுக்கு: கனேடியக் குடியுரிமை உள்ள தாயோ தகப்பனோ கனடாவில் பெற்ற ஆரம்பக் கல்வியின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் படித்திருந்தால் பிள்ளைக்குத் தகுதி உண்டு. கொழும்பில் ஆங்கில மூலம் படித்தது கணக்கில் வராது. ஸ்காபரோவில் படித்து வளர்ந்து மணமுடித்து மொன்றியல் வந்த அம்மாமார் எங்களுக்குள் இப்போது பலர். தங்கள் பிள்ளைக்கு இந்த உரிமை இருப்பதே அவர்களில் சிலருக்குத் தெரியவில்லை. தற்காலிக வேலை, படிப்பு அனுமதியில் வந்தோரின் பிள்ளைகளுக்குத் தற்காலிக விலக்கு உண்டு. 2022இன் சட்டம் 96 அதை மூன்று ஆண்டாகக் குறுக்கிவிட்டது. கடுமையான கற்றல் குறைபாட்டுக்கும் தனி விலக்கு உண்டு, நிபுணர் அறிக்கையோடு.

“மானியம் வாங்காத ஆங்கிலப் பள்ளியில் ஒரு வருஷம் சேருங்கோ, பிறகு அரசாங்க ஆங்கிலப் பள்ளிக்கு மாத்தலாம்” என்று யாராவது சொன்னால் காசைக் கொடுத்துவிடாதீர்கள். 2010இல் வந்த சட்டத்தின் கீழ் பிள்ளை படித்த வழி முழுவதையும் புள்ளி போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு வருஷம் கதவைத் திறக்காது.

ஆங்கிலத்தில் படிக்கும் தகுதிச் சான்றிதழுக்கு ஆங்கிலப் பள்ளி ஊடாகவே விண்ணப்பிக்கவேண்டும். மறுத்தால் 60 நாட்களுக்குள் கியூபெக் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கடிதம் கைக்கு வந்த நாளை உறையிலேயே எழுதி வையுங்கள். தகுதி இருந்தும் பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளிக்கே அனுப்ப விரும்பினால்கூட அந்தச் சான்றிதழை எடுத்துவிடுங்கள். சான்றிதழ் பெற்ற பிள்ளை பிரெஞ்சிலேயே படித்தாலும் உரிமை போகாது. நாளை அந்தப் பிள்ளையின் பிள்ளைகளுக்கும் அது உதவும். பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே கோவையில் அதையும் வையுங்கள்.